நம்ம சைடுல தப்பில்ல

அவருடைய பெயரை எழுதக் கூடாது என்று என் மனைவி மல்லிகா முதலிலேயே சொல்லிவிட்டாள். நாகரிகம் கருதி அல்ல. பெயரைப் பார்த்தால் மனிதர் சந்தோஷப்பட்டுவிடுவார், குடியிருப்பின் வாட்ஸாப் குரூப்பில் போட்டு 'என்னைப் பற்றி எழுதியிருக்கிறார்கள்' என்று பெருமையடித்துக்கொள்வார் என்பதுதான் அவள் கவலை. முழுதாகப் படித்தாலும், திட்டு வாங்குவது வேறு யாரோ என்றுதான் நினைப்பார். அப்படிப்பட்டவர்.

பெங்களூர் வைட்ஃபீல்டில் நாங்கள் வாடகைக்கு இருந்த அடுக்ககத்தில் எங்களுக்கு இரண்டு மாடி மேலே அவர் வீடு. மென்பொருள் கம்பெனி ஒன்றில் மேனேஜர். ஐம்பதைத் தாண்டியவர். எந்தக் காலத்திலோ தாத்தா மைசூர் அரசாங்க உத்தியோகத்துக்கு வந்து தங்கிய குடும்பம். எங்களிடம் தமிழ், வாட்ச்மேனிடம் கன்னடம், தன்னைப் பற்றிப் பேசும்போது இங்கிலீஷ். ஞாயிற்றுக்கிழமை காய்கறி வாங்கப் போகும்போதும் ஆபீஸ் அட்டை கழுத்தில் தொங்கும்.

அவருக்கு ஒரு வாக்கியம் உண்டு. "நம்ம சைடுல தப்பில்ல." ஆபீஸில் வாடிக்கையாளர்களிடம் சொல்லிப் பழகிய வாக்கியமாக இருக்க வேண்டும். அது நாக்கில் அப்படியே ஒட்டிக்கொண்டு வீட்டுக்கும் வந்துவிட்டது. குழம்பில் உப்பு அதிகமென்றாலும், மகள் கணக்கில் தோற்றாலும், குழாய் திறந்தபடி கிடந்து கீழ் வீட்டு மேற்கூரை ஒழுகினாலும் அவர் முதலில் சொல்வது அதுதான். பிறகுதான் என்ன நடந்தது என்று கேட்பார்.

ஒருமுறை காரைப் பின்னால் எடுக்கும்போது பார்க்கிங்கில் இருந்த தூணில் இடித்துவிட்டார். கட்டடம் கட்டிய நாள் முதல் அந்தத் தூண் அங்கேதான் நிற்கிறது. அவர் அசோசியேஷன் கூட்டத்தில் எழுந்து, தூண் தவறான இடத்தில் இருப்பதாகவும், வெளிச்சம் அதன்மேல் சரியான கோணத்தில் விழவில்லை என்றும் நெடுநேரம் பேசினார். காரில் மூன்று பக்கமும் கண்ணாடி இருக்கிறதே என்று யாரோ கேட்டார்கள். அதற்கும் பதில் வைத்திருந்தார். கண்ணாடி செய்தவன் சரியில்லையாம். கடைசியில் அவர் வாயை மூட வைப்பதற்காகவே தூணுக்கு மஞ்சளும் கறுப்புமாக வரி போட்டார்கள். அதை அவர் வெற்றியாக எடுத்துக்கொண்டார். விருந்தாளி வந்தால் அந்தத் தூணைக் காட்டுவார்.

அவருடைய இன்னொரு பெருமை, வீட்டு ஸ்டூடியோ. மகள் படிக்க வேண்டிய அறையைப் பிடுங்கி, சுவரெங்கும் கறுப்பு ஸ்பாஞ்ச் ஒட்டி, கம்ப்யூட்டர், மைக், ஸ்பீக்கர் எல்லாம் வைத்திருந்தார். மகள் ஹாலில் சோபாவில் உட்கார்ந்து படித்தாள். அவருக்குப் பாட வராது. எந்த வாத்தியமும் வாசிக்கத் தெரியாது. ஆனால் இணையத்தில் ஒரு சேனல் நடத்தி, பாடத் தெரிந்தவர்களுக்கு எப்படிப் பாட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்.

கர்நாடகம் உருவான நாளைக் கொண்டாடும் ராஜ்யோத்சவ விழாவுக்குப் பிள்ளைகள் பாடிய பாட்டுக்குப் பின்னணி இசை போடும் பொறுப்பை அவரே வலியப் போய் வாங்கிக்கொண்டார். மேடையில் லேப்டாப்பில் எதையோ அழுத்த, ஒத்திகையில் இருந்ததைவிடச் சுருதி மேலே ஏறி ஒலித்தது. பிள்ளைகள் எட்டிப் பிடிக்க முடியாமல் கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினார்கள். முன்வரிசையில் நின்ற சின்னப் பெண் பாதியில் அழுதுகொண்டு இறங்கிப் போனாள். அவர் மைக்கை எடுத்து, பிள்ளைகள் இன்னும் நன்றாகப் பயிற்சி செய்ய வேண்டும், பெற்றோர் கவனிக்க வேண்டும் என்று அறிவுரை சொன்னார். சிலர் கைகூடத் தட்டினார்கள்.

இதையெல்லாம் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகலாம். நாங்களும் அப்படித்தான் இருந்தோம், மல்லிகாவுக்குக் கழுத்தில் கட்டி வரும்வரை.

மல்லிகா ஒரு பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பில் வேலை பார்த்தாள். சங்கீதம் முறையாகப் படித்தவள் இல்லை. ஆனால் பாட்டுக் கட்டுவாள். எங்களுக்குத் தண்ணீர் லாரி வராமல் போன கோடையில், தரைக்கடித் தொட்டியான சம்ப்பு காலியானதைப் பற்றி ஒரு பாட்டு. மெட்ரோவில் தோளில் தூங்கி விழுந்த முன்பின் தெரியாத பெண்ணைப் பற்றி ஒரு பாட்டு. பெரும்பாலும் சிரிப்புப் பாட்டுகள்தான். ஒன்று மட்டும் மெதுவானது. ஆபீஸ் விடும் நேரத்தில் மழை பிடித்துக்கொள்ள, பஸ் நிறுத்தத்தில் முகம் தெரியாத இரண்டு பேர் ஒரு குடைக்குள் நிற்பதைப் பற்றியது. 'ஆபீஸ் விட்ட மழையிலே, யாரு குடைக்குள்ளே யாரு' என்று பாடிவிட்டுச் சட்டென்று நிறுத்துவாள். கேட்கிறவன் மூச்சைப் பிடித்துக்கொள்ளும் அளவுக்கு ஒரு மௌனம். அதற்குப் பிறகு கீழே இறங்கி மெல்ல முனகி முடிப்பாள். அந்த மௌனத்துக்காகத்தான் அந்தப் பாட்டே என்று எனக்குத் தோன்றும்.

தைராய்டில் இருந்த கட்டியை எடுத்துவிட வேண்டும் என்றார் டாக்டர். பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் குரலுக்குப் போகும் நரம்பு பக்கத்திலேயே ஓடுகிறது, சிலருக்குக் குரல் மாறிவிடுவதுண்டு என்பதையும் மறைக்காமல் சொன்னார். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது மல்லிகா சொன்னாள், தன் பாட்டுகளை ஒருமுறை ஒழுங்காகப் பதிவு செய்து வைக்க வேண்டும் என்று. போனில் பாடிப் பதிந்ததை எல்லாம் அவள் கேட்டுவிட்டு உடனே அழித்துவிடுவாள். டப்பாவுக்குள் இருந்து பாடுவது போல இருக்கிறதாம்.

விஷயம் அவர் காதுக்கு எப்படியோ போயிற்று. அவரே இறங்கி வந்து, தன் ஸ்டூடியோ இருக்கும்போது வெளியில் போவானேன் என்றார். மல்லிகாவுக்கு அவரைப் பிடிக்காது. ஆனால் ஆபரேஷனுக்குத் தேதி குறித்தாகிவிட்டது. அதற்கு முன்னால் வேலைக்கும் போக வேண்டும். இரண்டு மாடி ஏறினால் போதும் என்று சம்மதித்தாள்.

பதிவுக்கு முன்னால் அவர் க்ளிக்கைப் பற்றி ஒரு பிரசங்கம் செய்தார். பாடுகிறவர் தாளம் தவறாமல் இருக்க ஹெட்ஃபோனில் டக் டக் என்று ஒரு சத்தம் ஓடும். அது பாடுகிறவர் காதோடு நின்றுவிட வேண்டும், பதிவில் விழக் கூடாது. மல்லிகா தனக்கு அது வேண்டாம், பாட்டு தன் போக்கில் நின்று நின்று போகும் என்றாள். அவர் கேட்கவில்லை. க்ளிக் இல்லாமல் பாடுவது சீட் பெல்ட் போடாமல் அவுட்டர் ரிங் ரோட்டில் வண்டி ஓட்டுவது போல என்றார். அமெரிக்காவிலிருந்து வாங்கி வந்ததாகச் சொல்லி ஒரு பெரிய ஹெட்ஃபோனை அவள் தலையில் மாட்டி, சத்தத்தை ஏற்றினார். மூலையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த எனக்கே அந்த டக் டக் கேட்டது.

முதல் பாட்டைப் போட்டுக் காட்டியபோது மல்லிகா தலையைச் சாய்த்தாள். "சார், பின்னாடி அந்த டக் டக் கேக்குது."

"நம்ம சைடுல தப்பில்ல மேடம்" என்றார். "வேற ஏதோ."

அந்த வேற ஏதோவைத் தேடித்தான் அடுத்தடுத்த நாட்கள் போயின. முதலில் மின்விசிறியை நிறுத்தச் சொன்னார். ஹாலில் இருந்த சுவர்க்கடிகாரத்தைக் கழற்றிச் சமையலறைக்கு அனுப்பினார். மல்லிகாவின் வளையலைக் கழற்றச் சொன்னார், பிறகு கம்மலை, பிறகு தாலிச் சங்கிலியை. டக் டக் நிற்கவில்லை. மேல் மாடியில் தச்சு வேலை நடக்கிறது என்றார். மேலே போய்ப் பார்த்தால் பூட்டிய வீடு. லிஃப்டின் சத்தம் சுவர் வழியாக வருகிறது என்று கண்டுபிடித்து, பால்கனியிலிருந்து வாட்ச்மேனைக் கூப்பிட்டு "லிஃப்ட் நில்லிசப்பா" என்று உத்தரவு போட்டார். லிஃப்ட் நின்றது. மூட்டு வலிக்காரரான ஆறாவது மாடி ரெட்டியார் மருந்துக் கடைப் பையோடு படி ஏறினார். டக் டக் மட்டும் ஒரு சீராக, தாளம் தவறாமல் விழுந்துகொண்டிருந்தது.

கட்டடத்தின் லிஃப்ட் எப்படி ஒவ்வொரு பாட்டின் தாளத்துக்கும் ஏற்ப வேகத்தை மாற்றிக்கொண்டு ஓடும் என்று நான் கேட்டேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். பெங்களூர் வழக்கப்படி என்னை 'குரு' என்றுதான் கூப்பிடுவார். "குரு, இதெல்லாம் அக்கௌஸ்டிக்ஸ். சொன்னா புரியாது."

எனக்குப் புரியாதுதான். அதனால் ஆபீஸ் இடைவேளையில் உட்கார்ந்து படித்தேன். அரை மணி நேரத்தில் தெரிந்துவிட்டது. ஹெட்ஃபோனில் வெளிப்புறம் மூடியது, திறந்தது என்று இரண்டு ரகம். திறந்தது உட்கார்ந்து கேட்பதற்கு அருமை. ஆனால் அதன் சத்தம் வெளியே கசியும். மைக்குக்கு முன்னால் நிற்கிறவர் தலையில் அதை மாட்டினால், காதில் ஓடும் க்ளிக்கை மைக் எடுத்துக்கொள்ளும். மூடிய ரகத்தை மாட்ட வேண்டும், இல்லாவிட்டால் சத்தத்தைக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் பாட்டு ஓயும் இடங்களில் க்ளிக்கை நிறுத்திவிட வேண்டும். இதைத் தவிர வேறு வித்தை எதுவும் இல்லை. அவருடைய அமெரிக்க ஹெட்ஃபோனில் பக்கவாட்டில் கம்பி வலை போட்டிருந்தது. ஜன்னல் போலத் திறந்த ஹெட்ஃபோன்.

ஆனால் மல்லிகா படிக்காமலேயே கண்டுபிடித்துவிட்டிருந்தாள். அன்று மாலை நாங்கள் போனதும் ஹெட்ஃபோனைத் தலையில் மாட்டாமல் மேஜைமேல் வைத்தாள். க்ளிக்கை ஓட விடச் சொன்னாள். அறையின் மறுகோடிக்குப் போய் நின்றாள்.

"இங்க வரைக்கும் கேக்குது சார். மைக்குக்குக் கேக்காதா?"

அவர் ஹெட்ஃபோனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். ஒரு கணம் அவர் முகத்தில் எதுவோ அசைந்தது. அவ்வளவுதான், மூடிக்கொண்டார். இது எவ்வளவு உயர்ந்த சாமான், எந்த எந்தப் பெரிய ஸ்டூடியோவில் இருக்கிறது என்று ஆரம்பித்தார். பிறகு தீர்ப்பு வந்தது. அவள் தலை சிறியதாம். அதனால் ஹெட்ஃபோன் சரியாக உட்காரவில்லையாம்.

நான் என் ஆபீஸ் ஹெட்செட்டை நீட்டினேன். மலிவானதுதான், ஆனால் காதை மூடும் ரகம். கால் சென்டர் பையன்கள் மாட்டுவதை வைத்து இசைப் பதிவா என்று கேட்டு, அவர் அதை விரலால் தொடக்கூட இல்லை. காபி கொண்டு வந்த அவருடைய மனைவி, தம்ளரை மல்லிகாவிடம் கொடுக்கும்போது தணிந்த குரலில், "விட்டுடும்மா. பதினெட்டு வருஷமா நான் சொல்றதும் கேக்கல" என்றாள். அவர் திரும்பி, என்ன என்று கேட்டார். சர்க்கரை போதுமா என்று கேட்டேன் என்றாள்.

நேரம் இல்லை. வேறு இடம் தேட முடியாது. மல்லிகா அந்த ஹெட்ஃபோனையே மாட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் காதோடு அழுத்திப் பிடித்தபடி பாடினாள். எல்லாப் பாட்டையும் பாடினாள். குடைப் பாட்டைக் கடைசியில் பாடினாள். அந்த மௌனத்தில் டக், டக், டக். அதைக் கேட்டுவிட்டுக் கீழே வந்ததும், "போகட்டும், பாட்டாவது மிச்சம் இருக்கு" என்றாள்.

பதிவைத் தானே சுத்தம் செய்து தருவதாக அவர் சொல்லியிருந்தார். நாளைக்கு, நாளைக்கு என்று இழுத்தார். ஆபரேஷன் அன்று காலை, மல்லிகாவை உள்ளே அழைத்துப்போன பிறகுதான் அனுப்பினார். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து கேட்டேன். டக் டக் போயிருந்தது. கூடவே அவள் குரலும் போயிருந்தது. தண்ணீர்த் தொட்டிக்குள் முங்கியபடி யாரோ பாடுவது போல இருந்தது. கசடதபற எல்லாம் மழுங்கி, எல்லாப் பாட்டும் ஒரே கொழகொழப்பாக ஓடியது. ஏதோ மென்பொருளை வைத்துச் சுரண்டியிருக்கிறார். க்ளிக்கோடு சேர்த்துச் சதையையும் சுரண்டிவிட்டார்.

அங்கிருந்தே அவருக்குப் போன் செய்தேன். சுத்தம் செய்வதற்கு முன்னால் இருந்த பதிவை அப்படியே கொடுத்தால் போதும் என்றேன்.

"பழசு மேலயே புதுச சேவ் பண்ணிட்டேன் குரு. அந்தக் குப்பைய வச்சுட்டு என்ன பண்றது?"

அவர் தொடர்ந்தார். மல்லிகாவின் உச்சரிப்பே கொஞ்சம் அப்படித்தான், மென்பொருள் இருப்பதைத்தானே சுத்தம் செய்யும் என்றார். என் மனைவி அந்த நேரம் ஆபரேஷன் மேஜையில் கழுத்து திறந்து படுத்திருந்தாள்.

கட்டி நல்ல கட்டிதான், புற்று இல்லை. அந்த வகையில் நிம்மதி. ஆனால் டாக்டர் முன்கூட்டிச் சொன்ன அந்தச் சிலரில் மல்லிகாவும் சேர்ந்துவிட்டாள். முதலில் காற்றுதான் வந்தது. பிறகு கரகரப்பாகப் பேச்சு வந்தது. பயிற்சிக்குப் போனாள், வெந்நீர் குடித்தாள், காத்திருந்தாள். பேச்சு ஓரளவு தேறியது. பாட்டு வரவில்லை. மேலே ஏறும் இடத்தில் குரல் இரண்டாகக் கிழிந்தது. ஒருநாள் குளியலறையிலிருந்து குடைப் பாட்டின் முதல் வரி கேட்டு, பாதியில் நின்றது. அதன் பிறகு அவள் பாட முயன்று நான் கேட்கவில்லை.

அந்த மௌனமான மாதங்களில் அவர் ஒருமுறை கூட வந்து விசாரிக்கவில்லை. லிஃப்டில் பார்த்தால், ஏதாவது புதிய மைக்கைப் பற்றிச் சொல்வார்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை குடியிருப்பின் குரூப்பில் தன் புது வீடியோவை அவரே போட்டார். பாட்டுப் பதிவில் க்ளிக் சத்தம் விழுவது ஏன் என்று தலைப்பு. திறந்து பார்த்தேன். ஸ்பாஞ்ச் சுவருக்கு முன்னால் ஆபீஸ் அட்டையோடு உட்கார்ந்து பேசினார். புதிதாகப் பாட வருகிறவர்களுக்கு ஹெட்ஃபோனை மாட்டத் தெரியாது, காதில் சரியாகப் பொருத்தாமல் பாடிப் பதிவைக் கெடுத்துவிடுவார்கள், இதோ உதாரணம் என்றார். உதாரணம் ஒலித்தது.

மல்லிகாவின் குரல். சுரண்டாத, ஆபரேஷனுக்கு முந்தைய, முழுக் குரல்.

மேலே போய்க் கதவைத் தட்டினேன். இல்லை என்று சொன்ன பதிவு எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். அவர் கொஞ்சமும் தடுமாறவில்லை. அது பதிவு அல்ல, வீடியோவுக்காக முதலிலேயே தனியாக வெட்டி வைத்த துண்டு என்றார். அப்படியானால் அவள் பாடிக்கொண்டிருந்தபோதே மனிதர் அவளை உதாரணமாக எடுத்து வைத்துவிட்டார். அந்தத் துண்டையாவது கொடுங்கள் என்றேன். அது இருந்த டிரைவ் கெட்டுப்போய்விட்டதாம்.

"அந்த டிரைவே அப்டித்தான் குரு, சரியில்லாத கம்பெனி. நம்ம சைடுல தப்பில்ல" என்றார். அவள் பெயரைப் போடாமல் மரியாதையாகத்தானே வைத்திருக்கிறேன் என்றும் சேர்த்துக்கொண்டார்.

அவர் பின்னால் ஹாலில், சோபாவில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த மகள் தலையைத் தூக்கவில்லை. அவள் காது மட்டும் சிவந்திருந்தது.

அவர் சட்டையைப் பிடித்திருந்தால்கூட, சட்டை சரியில்லை என்றுதான் சொல்லியிருப்பார். இறங்கி வந்து மல்லிகாவிடம் வீடியோவைக் காட்டினேன். காட்டலாமா வேண்டாமா என்று படி முழுக்க யோசித்துக்கொண்டுதான் வந்தேன்.

அவள் சோபாவில் கால்களை மடக்கி உட்கார்ந்து முழுவதும் பார்த்தாள். தன்னைப் பற்றி அவர் சொன்ன எதற்கும் அவள் முகம் மாறவில்லை. தன் குரல் வந்த இடங்களில் மட்டும் போனைக் காதருகே கொண்டுபோனாள். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டாள்.

"டக் டக் இருந்தா இருக்கட்டும்" என்றாள் அந்தக் கரகரப்பில். "அந்தாளு பேசறத மட்டும் எடுக்க முடியுமா?"

முயன்று பார்த்தேன். முடியவில்லை. அவள் பாடும் இடமெல்லாம் அவர் அதற்கு மேலேயே பேசிக்கொண்டிருந்தார். அவள் மௌனமாக இருக்கும் இடம் வந்ததும், க்ளிக் கேட்கட்டும் என்று வாயை மூடிக்கொண்டார். ஆனால் வீடியோவின் கடைசியில், அவருடைய சேனல் முத்திரை மட்டும் திரையில் சுழலும்போது, பின்னணியில் நிறுத்த மறந்த பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. 'ஆபீஸ் விட்ட மழையிலே, யாரு குடைக்குள்ளே யாரு.' அதன் பிறகு கொஞ்சம் டக் டக். அதை மட்டும் வெட்டி எடுத்துக் கொடுத்தேன். மல்லிகா அதைத் தன் போனுக்கு ரிங்டோனாக வைத்துக்கொண்டாள்.

அந்த வருடமே நாங்கள் தொம்மலூருக்கு வீடு மாற்றிக்கொண்டு போனோம். சாமான் ஏற்றிய அன்று, கடைசிப் பைகளோடு நானும் மல்லிகாவும் லிஃப்டில் நுழைந்தபோது உள்ளே அவர் இருந்தார், பார்க்கிங்குக்குப் போகிற வழியில். காலி செய்கிறீர்களா என்றார். ஆமாம் என்றேன்.

மல்லிகாவின் போன் அடித்தது. இரண்டு கையிலும் பை இருந்ததால் அவள் எடுக்கவில்லை. அந்தச் சின்ன லிஃப்டுக்குள் அவளுடைய பழைய குரல் நிறைந்தது. மழையும் குடையும் வந்து, நின்று, டக் டக் என்று கேட்டு, மறுபடி முதலிலிருந்து.

அவர் கண்ணை மூடித் தலையைச் சாய்த்துக் கேட்டார். நிபுணரின் முகம் வந்துவிட்டது.

"பின்னாடி டக் டக்னு வருது பாருங்க மேடம். ஹெட்ஃபோன் லீக். ஓபன் ஹெட்ஃபோன் போட்டு எடுத்திருக்கான். யார் ரெக்கார்ட் பண்ணது?"

விளையாட்டுக்குக் கேட்கிறாரோ என்று அவர் முகத்தைப் பார்த்தேன். இல்லை. உண்மையிலேயே தெரியவில்லை. அந்தப் பாட்டை அவர் ஒருநாளும் காது கொடுத்துக் கேட்டதே இல்லை.

மல்லிகா பைகளைக் கீழே வைத்தாள். நிதானமாக அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"யாரோ ஒரு கத்துக்குட்டி சார்" என்றாள்.

"கேட்டாலே தெரியுது" என்றார் அவர்.